எந்தப் பெட்டி என்று தெரிந்தவர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால், பெரும்பாலும் தான் ஜெயித்த கதையைத்தான் சொல்வார். இன்று காலை நான் உள்ளே நுழையும்போதே உங்களில் ஒருவர், "மேடம், பேட்டரி பிரிக்கும் மையத்தை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். வரைபடம் சரியாக இருந்தது. அதில் நான் வைத்த புள்ளிகளும் சரி. ஆனாலும் திட்டம் தப்பாகப் போனது. அது எப்படி என்று சொல்கிறேன். நாளைக்கு நீங்களும் புள்ளி வைக்கப் போகிறவர்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் முப்பது வருடம் லாரி சரக்கு அலுவலகங்களில் இருந்தேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ன லோடு, திரும்பி வரும்போது வண்டி காலியாக வராமல் எதை ஏற்றுவது, இதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. மின்சார ஸ்கூட்டர், ஆட்டோக்களின் பழைய பேட்டரிகளைச் சேகரித்து, பிரித்து, நல்லதை வேறு வேலைக்கு அனுப்பி, மற்றதை உலோகம் மீட்கும் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாட்டை நம் நிறுவனம் தொடங்கியபோது, பேட்டரி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். லோடு தெரிந்தவர்தான் இல்லை. அதனால் ஐம்பத்தைந்து வயதில் ஸ்டெல்லாவாகிய என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது அலுவலகம் சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில். என் எதிர் மேஜையில் பாதுகாப்பு இன்ஜினியர். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். பெயரைச் சொல்லக் கூடாது என்று நேற்றே போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்தத் தொழிலில் எனக்கு ஆசிரியை என்று ஒருவரைச் சொன்னால் அவளைத்தான் சொல்வேன். மொத்தமாக அவள் எனக்குக் கற்றுக் கொடுத்ததை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. அவ்வளவு குறைவாகப் பேசுவாள்.

திட்டம் போட எனக்கு ஒரு மாதம் ஆனது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று நான்கு இடத்தில் வண்டி விற்கும் ஷோரூம்களில் சேகரிப்பு. சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் வழியில் பிரிப்பு மையம். நான்கு பக்கமிருந்தும் லாரி வந்து சேர ஏற்ற இடம். லாரி நிரம்பினால்தான் கிளம்ப வேண்டும் என்பது என் விதி. அரை லோடு ஓட்டுவது எனக்குப் பாவம் மாதிரி.

மையம் திறந்தது. மேஜைகள், கையுறைகள், அளவுக் கருவிகள், பயிற்சி பெற்ற ஆறு பேர் எல்லாம் தயார். பேட்டரி மட்டும் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று வந்தன. அந்த ஆறு பேரும் சுத்தமான மேஜையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி விற்று எத்தனை வருடம் ஆகிறது, பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட்டால், இந்நேரம் நூற்றுக்கணக்கில் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவை எங்கே போயின?

கவலையைவிட எனக்கு அதிகமாக வந்தது ஆர்வம். முப்பது வருடத்தில் சரக்கு தாமதமாக வந்து பார்த்திருக்கிறேன், நனைந்து வந்து பார்த்திருக்கிறேன். சரக்கே காணாமல் போய்ப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பேட்டரி மாற்றிய வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜேடர்பாளையத்தில் தடுப்பணைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கரும்புத் தோட்டம். தோட்டக்காரருக்கு என்னைவிட வயது கூட. ஸ்கூட்டரின் பழைய பேட்டரி எங்கே என்று கேட்டேன்.

"அதுங்களா? மாட்டுக் கொட்டாயில இருக்குதுங்க. வந்து பாருங்க சாமி."

போய்ப் பார்த்தேன். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் பேட்டரி. அதிலிருந்து இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடின. பசு ஒன்று மின்விசிறிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஷோரூம்ல இது செத்துப் போச்சுன்னு எழுதியிருக்காங்களே" என்றேன்.

"செத்துப் போச்சுன்னு ஆருங்க சொன்னது? வண்டியில போட்டா முப்பது கிலோமீட்டருக்கு மேல போகலைங்க. லைட்டு எங்கீங்க போகுது? நின்ன எடத்துல தானுங்களே எரியுது."

அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். பேட்டரி எங்கிருந்து வரும் என்று மட்டும் நான் ஒரு மாதம் யோசித்திருந்தேன். அது எப்போது முடிந்ததாகக் கொள்வது, அதை யார் முடிவு செய்வது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வண்டி ஓட்டுபவருக்கு முடிந்துபோனது, மாடு வளர்ப்பவருக்குப் புதிதாக ஆரம்பித்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் என் சரக்கு முழுவதும் இருந்தது.

"இதை லைட்டுக்கு மாட்டிக் குடுத்தது யாருங்க?"

"கெங்கவல்லியில ஒரு அம்மாங்க. மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறாங்க. எங்க மச்சான் ஊடு அந்தப் பக்கந்தானுங்க, அவரு கூட்டீட்டுப் போனாரு."

ஊருக்குத் திரும்பியதும் இன்ஜினியரிடம் சொன்னேன். அவளுக்கு முகம் மாறியது. மறுநாளே ஜேடர்பாளையம் போய், அந்தப் பேட்டரியைக் கொட்டகைக்கு வெளியே, வைக்கோலுக்கு எட்டாத இடத்தில் மாற்றி வைத்துவிட்டு வந்தாள். நான் அடுத்த வாரம் கெங்கவல்லிக்குக் கிளம்பினேன்.

அந்தக் கடைக்கார அம்மாவின் பெயர் கஸ்தூரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். கடைக்கு முன்னால் கிணற்று மோட்டார்கள் வரிசையாகப் பிரித்துக் கிடந்தன. கையில் செம்புக் கம்பியைச் சுற்றியபடியே என்னிடம் பேசினார். வண்டிப் பேட்டரிகளைப் பற்றிக் கேட்டதும் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் பேட்டரிகள் இருந்தன. வெளியே செங்கல் அடுக்கி அதன்மேல் கொஞ்சம். காலி இடத்தின் கடைசி மூலையில், மணல் கொட்டி, அதன்மேல் ஒன்றே ஒன்று தனியாக.

எல்லாப் பேட்டரிகளின் மேலும் சாக்பீஸால் எண்கள். காலையில் அளந்தது ஓர் எண், மாலையில் அளந்தது ஓர் எண்.

"அது ஏன் தனியா இருக்கு?" என்று மூலையைக் காட்டினேன்.

"அது ஓடையில வண்டியோட விழுந்தது. நல்லா காஞ்சிடுச்சு, அளந்து பாத்தா வோல்ட்டும் வருது. ஆனா எனக்குப் புடிக்கல மேடம்."

"ஏன்?"

"நேத்து இருந்த வோல்ட்டு இன்னிக்கு இல்ல. யாருமே எடுக்கல, ஆனாலும் கொறையுது. அப்ப உள்ளயே எங்கயோ போயிட்டிருக்குதுன்னுதானே அர்த்தம்? எங்க போவுதுன்னு தெரியாம அதைக் கூரைக்குள்ள வைக்க மாட்டேன்."

மோட்டார் சுருளில் மின்கசிவு பார்த்துப் பழகிய கண். பேட்டரிக்கென்று அவர் எதுவும் படிக்கவில்லை. நான் வியந்து போனேன். அப்படி வியந்துவிட்டு நான் செய்தது என்ன? அவரை ஐந்தாவது சேகரிப்புப் புள்ளியாக வரைபடத்தில் சேர்த்தேன். அவ்வளவுதான். எத்தனை பேட்டரி வைக்க இடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை எழுதிக்கொள்ளவில்லை.

படிவத்தைக் கொடுத்தபோது அவர் அதை நிதானமாகப் படித்தார். எண்ணிக்கை, எடை, வண்டியின் வகை.

"எனக்குப் புடிக்காததை இதுல எங்க எழுதுறது?"

"எல்லாத்தையும் அனுப்பிடுங்க. மையத்துல பாத்துக்குவாங்க" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. மையத்தில் கருவிகள் இருந்தன, படித்தவர்கள் இருந்தார்கள். பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நம்பினேன். மையத்துக்கும் கெங்கவல்லிக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது என்பதை, சாலையிலேயே வாழ்ந்த நான் மறந்துபோனேன்.

கஸ்தூரி வந்த பிறகு பேட்டரிகள் குவிந்தன. சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் முதல் முழு லோடு தயாரானது. ஓட்டியவர் திருச்செங்கோட்டுக்காரர், பழனிசாமி. சொந்த லாரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு, இனி ஊர்ப் பக்கமே ஓட்டுவோம் என்று வந்தவர்.

காலை பதினொரு மணி இருக்கும். அவரிடமிருந்து போன்.

"ஏனுங்க மேடம், பின்னால ஒரு மாதிரி வாசம் வருதுங்க."

"என்ன வாசம்?"

"நகப்பூச்சு அழிக்கற தண்ணி இருக்குதுல்லங்க, அதாட்டம். இனிப்பா."

நான் அவர் சொன்னதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னேன். எதிர் மேஜையில் இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்தச் சொல்லுங்க. தீப்பிடிக்கப் போகுது, ஊருக்குள்ள போகக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டுத் தன் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

பழனிசாமி ஆத்தூரைத் தாண்டி, வாழப்பாடிக்கு இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தார். "வாழப்பாடியில ஃபயர் ஸ்டேசன் இருக்குதுங்க. பத்து நிமிசத்துல போயிருவேன்" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் கடைத்தெருவும் பஸ் நிற்கும் இடமும் வரும். அதுவும் எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரக்கை ஆபத்திலிருந்து வேகமாக வெளியே கொண்டுபோவதுதான் நான் பழகிய புத்தி. ஆனால் இங்கே சரக்கேதான் ஆபத்து.

"இப்ப உங்களைச் சுத்தி என்ன இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

"வலது பக்கம் பெட்ரோல் பங்கு வருதுங்க. எடது பக்கம் ஊடுங்க. அதைத் தாண்டுனா மரவள்ளிக் காடு ஒண்ணு. கெழங்கு புடுங்கியாச்சு, சும்மாதான் கெடக்குதுங்க. வண்டித் தடம் இருக்குது."

"அதுக்குள்ள நடுவுல கொண்டுபோய் நிறுத்துங்க."

"ஆரு காடோ தெரியலைங்களே."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். போங்க."

லாரி குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு என்ஜின் நின்றது. இறங்கச் சொன்னேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன். அவர் இறங்கினார். ஆனால் நடக்கவில்லை.

"பொகை லேசாத்தானுங்க வருது. ஒரே ஒரு பொட்டிதானுங்க அது. மேல ஏறி அதை மட்டும் தூக்கி வெளிய வீசீட்டா மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும். வண்டியும் தப்பிச்சுக்கும்."

இன்ஜினியர் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எனக்கும் வேண்டாம் என்று தெரியும். ஆனால் தன் வண்டி எரியப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் நிற்பாரா? உத்தரவு போட்டால் போனை வைத்துவிட்டு ஏறிவிடுவார் என்று அவர் மூச்சு விடும் விதத்திலேயே தெரிந்தது. அப்போது எனக்கு ஒரு கேள்விதான் தோன்றியது. யோசித்துக் கேட்டது என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"பழனிசாமி, எந்தப் பெட்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்து கேட்டேன்.

"மேல வரிசையா? அடியிலயா? எத்தனையைத் தூக்கிப் பாப்பீங்க?"

"…தெரியலைங்க."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சவங்க கெங்கவல்லியில இருக்காங்க. நாம ரெண்டு பேரும் இங்க ஒண்ணும் பண்ண முடியாது. தள்ளி வாங்க."

பிறகு காய்ந்த மண்ணில் செருப்பு உரசும் சத்தம். அவர் நடந்துகொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வெடிகள் தொடர்ந்து வெடிப்பது போல ஒரு சத்தம் போனில் வந்தது.

"மேடம்" என்றார். "நான் ஏறலைங்க. தள்ளித்தான் நிக்கறேன்."

நானும் இன்ஜினியரும் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அணைந்தது என்று நினைத்தால் மறுபடி பற்றிக்கொண்டது. இரண்டு முறை அப்படி. காட்டுக்காரர் கோபமாக ஓடி வந்தார். யாரைக் கேட்டு வண்டியை உள்ளே விட்டீர்கள் என்று கத்தினார். நான் என் பெயரைச் சொல்லி, நான்தான் விடச் சொன்னேன் என்றேன். அவர் லாரியைப் பார்த்தார், பக்கத்து வீடுகளைப் பார்த்தார், பிறகு போய்த் தன் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டார். தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் தீர்ந்தபோது அந்தத் தண்ணீர்தான் உதவியது.

லாரியின் பின்பாகம் முழுக்கப் போய்விட்டது. ஒருவருக்கும் காயம் இல்லை. பழனிசாமி வரப்பில் உட்கார்ந்து, கருகிய தன் வண்டியை எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

பிற்பகலில் கஸ்தூரி பஸ் பிடித்து வந்தார். தீயணைப்பு வீரர்கள் குளிரவைத்து, தனித்தனியாகப் பரப்பியிருந்தவற்றைத் தூரத்தில் நின்றபடியே பார்த்தார்.

"மேல வரிசை, பின்னாலிருந்து மூணாவது. சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். அது ஓடையில விழுந்தது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் அனுப்பச் சொன்னீங்க."

"ஆமாம். நான்தான் சொன்னேன்."

அவர் மறுபடி பேட்டரிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அறிக்கை எழுதும்போது மேலிடத்தில் ஒருவர், "சேகரிப்பு இடத்தில் தகுதியற்ற பேட்டரி ஏற்றப்பட்டது" என்று முடித்துவிடலாம் என்றார். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, "ஏத்தாம இருக்க கஸ்தூரிம்மாவுக்கு வழி இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. அப்படியே எழுதினேன். படிவத்தைத் தயாரித்தவர் யார் என்றும் எழுதினேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. பதிலுக்குத் திட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

இந்த முறை கெங்கவல்லியில் உட்கார்ந்து போட்டேன். கஸ்தூரி மோட்டார் சுற்றிக்கொண்டே பேச, நான் எழுதினேன். வந்த பேட்டரி எதுவும் உடனே கிளம்பக் கூடாது. மணல்மேல், ஒன்றுக்கொன்று தள்ளி, சில நாள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அளக்க வேண்டும். தானாகக் குறைகிற எதுவும் லாரி ஏறக் கூடாது. அதை என்ன செய்வது என்று மையத்திலிருந்து ஆள் வந்து அங்கேயே பார்க்க வேண்டும். லாரி நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியாகச் சொன்னதை எழுத என் கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. மற்ற நான்கு இடங்களிலும் ஷோரூமை விட்டுவிட்டு, கை பழகிய ஒருவரைத் தேடினோம். ஒரு இடத்தில் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவர், இன்னொரு இடத்தில் ஆட்டோ மெக்கானிக். ஏற்ற மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கே. காரணம் எழுதினால் நல்லது, எழுதாவிட்டாலும் மறுப்பு செல்லும்.

பழனிசாமி பின்பாகத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "ஏத்தறதுக்கு முந்தி அந்த அம்மா எழுதுன நம்பரை நானும் ஒருக்கா பார்ப்பனுங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா வாரேன்" என்றார். ஒத்துக்கொண்டோம். இப்போது எல்லா ஓட்டுநருக்கும் அது விதி.

இத்தோடு நிறுத்தினால் நான் திருந்திய கதையாகிவிடும். அப்படி ஒரேயடியாக யாரும் திருந்துவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெளியூரிலிருந்து ஒரு குழு மையத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. மேஜைகளில் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து வரத்து குறைவு. கெங்கவல்லியில் பன்னிரண்டு இருப்பதாகத் தெரிந்தது. கஸ்தூரிக்குப் போன் செய்தேன்.

"எட்டு அனுப்புறேன் மேடம்."

"மீதி நாலு?"

"இன்னும் தெரியல."

"குறையுதா?"

"கொறையல. ஆனா இன்னும் தெரியல."

"கஸ்தூரி, நாளைக்கு ஆட்கள் வர்றாங்க. குறையலைன்னா அனுப்பலாமே?"

"எட்டும் வண்டியில ஏறிடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மரவள்ளிக் காட்டில் நின்ற எனக்கே, நானே எழுதிய விதியின்மேல் கோபம் வந்தது. மறுபடி கூப்பிடப் போனை எடுத்தேன். எதிர் மேஜையிலிருந்து இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தாள். போனை வைத்துவிட்டேன். மறுநாள் வந்த குழு, எட்டு பேட்டரியும் நான்கு காலி மேஜையுமாகப் பார்த்துவிட்டுப் போனது. ஏன் காலி என்று ஒருவர் கேட்டார். ஓர் இடத்தில் இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து கஸ்தூரி கூப்பிட்டார். அந்த நான்கிலும் ஒரு குறையும் இல்லையாம். முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. வண்டி அனுப்பச் சொன்னார்.

உங்கள் வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். மறுத்தவர் சொன்னது சரியென்று தெரிந்த நாளில் அவரை மதிப்பது எளிது. அவர் வீணாக மறுத்தார் என்று தெரிந்த நாளில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார். அடுத்த முறை சந்தேகம் வரும்போது அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்று அந்த நினைவை வைத்துத்தான் முடிவு செய்வார்.

"சரிங்க கஸ்தூரி. நாளைக்குக் காலையில பழனிசாமி வருவார்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.